விண்டோஸ் 11-க்கு மாறியபின் வைஃபை தொங்குகிறதா? எதில் முதலில் கை வைப்பது

விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. அதுவரை தள்ளிப்போட்டவர்களில் பலர் அதையொட்டி விண்டோஸ் 11-க்கு மாறினார்கள். மாறிய கையோடு வரும் தொல்லைகளில் ஆளைப் பாடாய்ப் படுத்துவது வைஃபைதான். கொஞ்ச நேரம் ஒழுங்காக ஓடும், அப்புறம் சத்தமில்லாமல் நின்றுவிடும். டாஸ்க்பாரில் சிக்னல் முழுசாகக் காட்டும், ஒரு பக்கம்கூடத் திறக்காது. வைஃபையை ஆஃப் செய்து ஆன் செய்தால் திரும்பி வரும். சில லேப்டாப்பில் அதற்கும் அசையாது, ரீஸ்டார்ட் செய்தால்தான் உண்டு.

யாரிடம் கேட்டாலும் முதலில் சொல்வது 'நெட்வொர்க் ரீசெட்'. அதை இப்போதைக்குத் தொடாதீர்கள். சேமித்த வைஃபை பாஸ்வேர்டுகள், விபிஎன் இணைப்புகள், கையால் போட்ட ஐபி எண்கள் எல்லாம் அதில் அழிந்துபோகும். அழிந்த பிறகு விண்டோஸ் தன் கிடங்கில் இருக்கும் அதே டிரைவரைத்தான் (வைஃபை கார்டை விண்டோஸோடு பேசவைக்கும் மென்பொருள்) எடுத்து மறுபடி போடும். கோளாறு டிரைவரில் இருந்தால் ரீசெட் செய்து என்ன பயன்?

இன்னொன்று: ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். செய்ததை எங்காவது குறித்துவைத்துவிட்டு, வழக்கமாக எவ்வளவு நேரத்தில் தொங்குமோ அதைப்போல மூன்று மடங்கு நேரம் ஓட்டிப் பாருங்கள். ஐந்து மாற்றங்களை ஒரே மூச்சில் செய்தால் எது குணமாக்கியது என்றே தெரியாது. அடுத்த அப்டேட்டில் அது திரும்பி வரும்போது மறுபடி அ-விலிருந்துதான் தொடங்க வேண்டும்.

பத்து நாள் கெடு

விண்டோஸ் 10-லிருந்து ஏறியவர்களுக்கு, பழையதற்கே திரும்ப 10 நாள் அவகாசம் உண்டு. செட்டிங்ஸ் → சிஸ்டம் → ரெக்கவரி போனால் 'கோ பேக்' பட்டன் இருக்கும். இடம் பத்தவில்லை என்று டிஸ்க் கிளீனப்பில் 'விண்டோஸ் ஓல்டு' ஃபோல்டரை அழித்திருந்தால் அந்த வழி அடைபட்டிருக்கும். ஆகவே வைஃபை சரியாகும்வரை அந்த ஃபோல்டரை விட்டுவையுங்கள்.

கெடுவை நீட்டவும் முடியும். கமாண்ட் ப்ராம்ப்டை 'ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' கொடுத்துத் திறந்து, டிஸ்ம் /ஆன்லைன் /செட்-ஓஎஸ்அன்இன்ஸ்டால்விண்டோ /வேல்யூ:60 என்று ஆங்கில எழுத்தில் தட்டினால் 60 நாள் ஆகிவிடும். டிஸ்ம் என்பது டி-ஐ-எஸ்-எம். 10 நாள் முடிவதற்குள் இதைச் செய்தால்தான் பலிக்கும். திரும்பிப் போவதாக இருந்தால் விண்டோஸ் 10-க்கான நீட்டிப்புப் பாதுகாப்பு அப்டேட் திட்டத்தில் சேர்ந்துகொள்ளுங்கள். வீட்டு உபயோகிப்பாளர்களுக்கு அது 2026 அக்டோபர் 13 வரைதான்.

தொங்குவது எது என்று பிரித்துப் பார்ப்பது

'வைஃபை தொங்குது' என்று ஒரே வாயில் சொல்லிவிடுகிறோம். அதற்குள் குறைந்தது நான்கு வேறு வேறு கோளாறுகள் இருக்கின்றன. பிரித்துப் பார்க்க பிங் போதும், வேறு கருவி வேண்டாம். ஒரு முகவரிக்குச் சின்னத் தகவல் அனுப்பி, பதில் வருகிறதா என்று பார்க்கும் கட்டளை அது.

முதலில் ரவுட்டரின் முகவரி. கமாண்ட் ப்ராம்ப்டில் ஐபிகான்ஃபிக் தட்டி 'டிஃபால்ட் கேட்வே' வரியைப் பாருங்கள். பெரும்பாலும் 192.168.0.1 அல்லது 192.168.1.1, ஜியோஃபைபர் வீடுகளில் 192.168.29.1. இப்போது இரண்டு கமாண்ட் ப்ராம்ப்ட் ஜன்னல்கள் திறந்து, ஒன்றில் ரவுட்டர் முகவரிக்கும் மற்றதில் இணையத்தில் இருக்கும் கூகுளின் 8.8.8.8-க்கும் பிங் விடுங்கள். வரியின் கடைசியில் ஓர் இடைவெளி விட்டு ஹைஃபன், ஒட்டினாற்போல் டி என்ற எழுத்து. அதைச் சேர்த்தால் நிறுத்தும்வரை ஓடிக்கொண்டே இருக்கும். இரண்டையும் ஓரமாக வைத்துவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள்.

வைஃபை நின்ற அந்த நொடியில் இரண்டு ஜன்னல்களும் என்ன சொல்கின்றன?

ரவுட்டருக்கான பிங் ஓடிக்கொண்டே இருக்கிறது, 8.8.8.8 மட்டும் 'ரிக்வெஸ்ட் டைம்டு அவுட்' என்றால் லேப்டாப்பின் மேல் பழி இல்லை. இணைப்பு தருபவரிடம் பேசுங்கள். இரண்டும் ஓடுகின்றன, பிரவுசர் மட்டும் திறக்கவில்லை என்றால் டிஎன்எஸ் (தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தருவது) அல்லது விபிஎன். இரண்டும் டைம்டு அவுட், அதே நேரத்தில் போனில் அதே வைஃபை நன்றாக ஓடுகிறது என்றால் கார்டோ டிரைவரோ உறைந்திருக்கிறது, அல்லது கார்டுக்கும் ரவுட்டருக்கும் ஒத்துப்போகவில்லை. 'ஜெனரல் ஃபெயிலியர்' என்று வந்தால் பாக்கெட் லேப்டாப்பை விட்டு வெளியே போகவே இல்லை, அதாவது அடாப்டரே (வைஃபை கார்டை விண்டோஸ் அழைக்கும் பெயர்) கீழே விழுந்துவிட்டது.

கடைசி இரண்டும்தான் அப்கிரேடுக்குப் பிறகு அதிகம் பார்க்கக் கிடைப்பவை. கட்டுரையின் மீதி அவற்றுக்காகத்தான்.

எப்போது தொங்குகிறது என்பதும் ஒரு துப்பு. ரீஸ்டார்ட் செய்தால் நன்றாக இருக்கிறது, ஷட்டவுன் செய்து காலையில் ஆன் செய்தால் வைஃபையே காணோம் என்றால் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் மேல் சந்தேகப்படுங்கள். லேப்டாப்பை மூடித் திறந்தால் மட்டும் தொங்குகிறது என்றால் ஸ்லீப். சார்ஜர் சொருகியிருக்கும்போது தொங்காமல் பேட்டரியில் மட்டும் தொங்கினால் மின்சேமிப்பு. ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்குப் போகும்போது தொங்கினால் ரோமிங், அதாவது ஒரு சிக்னலை விட்டு இன்னொன்றுக்குத் தாவுவது.

லாக் என்ன சொல்கிறது

ஸ்டார்ட் பட்டனை ரைட் கிளிக் செய்து ஈவன்ட் வியூவர் திறங்கள். விண்டோஸ் லாக்ஸ் → சிஸ்டம் போய், வலப்பக்கம் 'ஃபில்டர் கரன்ட் லாக்' அழுத்தி, ஈவன்ட் ஐடி கட்டத்தில் 10317,10400,5002,5005,5007 என்று கமா போட்டு அடியுங்கள்.

என்டிஐஎஸ் (விண்டோஸின் நெட்வொர்க் பகுதி) என்ற பெயரில் 10400 வந்தால், கார்டு கட்டளைகளுக்குப் பதில் சொல்லாமல் போய், விண்டோஸ் அதை ரீசெட் செய்திருக்கிறது என்று பொருள். அதே பெயரில் 10317 வந்து, விவரத்தில் 'பவர் டிரான்சிஷன்' என்ற சொற்கள் இருந்தால், தூங்கப் போன கார்டு எழுந்து வரவில்லை. டிரைவரை விட்டுவிட்டு நேராக மின்சேமிப்புப் பகுதிக்குத் தாவலாம். 5002, 5005, 5007 ஆகியவை இன்டெல் கார்டுகளின் டிரைவர் எழுதுபவை. 5007 என்றால் கார்டுக்கு அனுப்பிய வரிசை நகராமல் நின்றுவிட்டது. இன்டெல் பெயரிலேயே 6062 என்று ஒன்று வரிசையாக வந்து பயமுறுத்தும். அது மட்டும் வந்தால் பொருட்படுத்த வேண்டாம்.

இன்னொரு இடமும் பார்க்க வேண்டும். அப்ளிகேஷன்ஸ் அண்ட் சர்வீசஸ் லாக்ஸ் → மைக்ரோசாஃப்ட் → விண்டோஸ் → டபிள்யூலேன்-ஆட்டோகான்ஃபிக் → ஆப்பரேஷனல். இதில் 8001 என்றால் இணைந்தது, 8003 என்றால் துண்டித்தது. நெட் நின்ற நேரத்தில் 8003 இருந்தால், ஏன் துண்டித்தது என்ற காரணமும் அதிலேயே இருக்கும். 8003 இல்லவே இல்லை என்றால் விண்டோஸ் 'நான் இணைந்துதான் இருக்கிறேன்' என்று நம்பிக்கொண்டிருக்க, அடியில் கார்டு மட்டும் செத்துக் கிடக்கிறது. டிரைவர் கோளாறின் கையெழுத்து இது.

இதையெல்லாம் படமாகப் பார்க்க விரும்பினால் அட்மின் உரிமையோடு நெட்ஷ் டபிள்யூலேன் ஷோ டபிள்யூலேன்ரிப்போர்ட் என்ற கட்டளையை ஓடவிடுங்கள். கடைசி மூன்று நாள் இணைப்பு வரலாற்றை ஒரு வெப் பக்கமாக எழுதி, அது எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்றும் சொல்லும். சிவப்பு வட்டங்கள்தான் தோல்விகள்.

டிரைவர்

பத்துக்கு ஏழெட்டு தடவை வேலை இங்கேயே முடிந்துவிடும் என்பது எங்கள் கணிப்பு. அப்கிரேட் ஆகும்போது விண்டோஸ், லேப்டாப் தயாரிப்பாளர் கொடுத்த டிரைவரை எடுத்துவிட்டுத் தன்னிடம் இருக்கும் பொதுவான ஒன்றைப் போடுவது உண்டு. டிரைவர் மாறினால் நீங்கள் முன்பு அட்வான்ஸ்டு டேபில் மாற்றிவைத்த செட்டிங்குகளும் போய்விடும். 'விண்டோஸ் 10-ல நல்லாத்தானே இருந்துச்சு' என்பவர்களில் சிலருடைய கதை இதுதான்: எப்போதோ யாரோ சரிசெய்து கொடுத்த ஒரு செட்டிங் அப்கிரேடில் காணாமல் போயிருக்கும்.

உங்கள் கார்டு எது என்று முதலில் தெரிய வேண்டும். ஸ்டார்ட்டில் ரைட் கிளிக் → டிவைஸ் மேனேஜர் → நெட்வொர்க் அடாப்டர்ஸ். பெயர் தெளிவாக இல்லையென்றால் அதன் ப்ராப்பர்ட்டீஸ் → டீடெயில்ஸ் → ஹார்டுவேர் ஐடிஸ் பாருங்கள். வென் என்ற மூன்றெழுத்தை அடுத்து வரும் நான்கு இலக்கம்தான் தயாரிப்பாளர். 8086 இன்டெல், 10ஈசி ரியல்டெக், 14சி3 மீடியாடெக், 168சி குவால்காம் ஏதெராஸ், 14ஈ4 பிராட்காம். அப்படியே டிரைவர் டேபுக்குப் போய் தேதியையும் வெர்ஷனையும் போனில் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பின்னால் இது கட்டாயம் தேவைப்படும்.

பிறகு அதே டேபில் 'ரோல் பேக் டிரைவர்' பட்டன் உயிரோடு இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அழுத்துங்கள், ரீஸ்டார்ட் செய்யுங்கள், ஓட்டிப் பாருங்கள். அப்கிரேடுக்குப் பிறகு அந்தப் பட்டன் மங்கியே இருப்பதும் சகஜம். அதற்காக வழி இல்லை என்று ஆகிவிடாது. 'அப்டேட் டிரைவர்' → 'பிரவுஸ் மை கம்ப்யூட்டர்' → 'லெட் மீ பிக்' என்று போனால், கிடங்கில் இருக்கும் எல்லா வெர்ஷன்களும் ஒரு பட்டியலாக வரும். ஒரே கார்டு பெயர் இரண்டு மூன்று தடவை, வேறு வேறு வெர்ஷனோடு இருக்கும். இப்போது ஓடுவதைவிடப் பழையதைத் தேர்ந்தெடுங்கள். டவுன்லோடு எதுவும் வேண்டாம், பிடிக்கவில்லை என்றால் அதே வழியில் திரும்பலாம். இவ்வளவு எளிதான வழியைப் பலரும் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

அதிலும் நிற்கவில்லை என்றால் சுத்தமாக எடுத்துப் போட வேண்டும். புது டிரைவர் ஃபைல் கையில் இருந்தால்தான் இதில் இறங்க வேண்டும். எடுத்தபின் வைஃபை இருக்காது, அப்போது டவுன்லோடு செய்ய வழி தேட வேண்டியிருக்கும். ஆண்ட்ராய்டு போன் இருந்தால் கேபிளைச் சொருகி யுஎஸ்பி டெதரிங் போட்டால் லேப்டாப்புக்கு நெட் வந்துவிடும்.

டிரைவரை எங்கே எடுப்பது? லேப்டாப் தயாரிப்பாளரின் சப்போர்ட் பக்கத்தில், அடிப்பக்க ஸ்டிக்கரில் இருக்கும் சீரியல் எண் அல்லது சர்வீஸ் டேகை அடித்து எடுங்கள். இன்டெல் கார்டு என்றால் மட்டும் இன்டெல் தளத்திலிருந்தும் எடுக்கலாம். ரியல்டெக், மீடியாடெக், குவால்காம் லேப்டாப் கார்டுகளுக்குத் தயாரிப்பாளர் பக்கம்தான் நம்பகமான வழி. 'டிரைவர் அப்டேட்டர்' என்று விளம்பரத்தில் வரும் மென்பொருள்களைத் திரும்பிக்கூடப் பார்க்காதீர்கள். அந்தப் பக்கத்தில் விண்டோஸ் 10-க்கான டிரைவர் மட்டும்தான் இருக்கிறதா? பயப்படாமல் போடுங்கள். 64 பிட் வைஃபை டிரைவர்கள் பெரும்பாலும் விண்டோஸ் 11-இலும் அப்படியே ஓடும்.

போடும் முறை:

1. செட்டிங்ஸ் → விண்டோஸ் அப்டேட் → 'பாஸ்' ஒரு வாரம். போன் டெதரிங்கைக் கழற்றிவிடுங்கள். நெட் இருந்தால் நீங்கள் எடுத்த கையோடு விண்டோஸ் தன் டிரைவரைப் போட்டுவிடும்.
2. டிவைஸ் மேனேஜரில் வைஃபை அடாப்டரை ரைட் கிளிக் → அன்இன்ஸ்டால் டிவைஸ். 'அட்டெம்ப்ட் டு ரிமூவ் த டிரைவர்' பெட்டியில் டிக் போட மறக்காதீர்கள். டிக் இல்லாமல் எடுத்தால் எடுத்ததே இல்லை.
3. மேலே 'ஸ்கேன் ஃபார் ஹார்டுவேர் சேஞ்சஸ்' அழுத்துங்கள். கிடங்கில் இன்னொரு வெர்ஷன் இருந்தால் அடாப்டர் மறுபடி முளைக்கும். மறுபடி டிக் போட்டு எடுங்கள். டிக் பெட்டியே வராமல் போனால், மிச்சமிருப்பது விண்டோஸோடு வந்த டிரைவர்.
4. ரீஸ்டார்ட். எடுத்துவைத்த டிரைவரை நிறுவுங்கள். மறுபடி ரீஸ்டார்ட்.
5. டிரைவர் டேபில் வெர்ஷன் மாறியிருக்கிறதா என்று போட்டோவோடு ஒப்பிடுங்கள். மாறவில்லை என்றால் இன்ஸ்டாலர் 'சக்சஸ்' சொன்னாலும் வேலை நடக்கவில்லை.

இன்டெல்காரர்களுக்கு ஒரு குறிப்பு. 8260, 8265 கார்டுகளுக்கு டிரைவர் வரிசை 20.70-இல் நின்றுவிட்டது. 3165, 3168, 7265 கார்டுகளுக்கு 19.51. புது கார்டுகளுக்கு 22, 23 என்று ஓடுவதைப் பார்த்து 'என்னுடையது பழசாக இருக்கிறது' என்று தேடி அலைய வேண்டாம், அதுதான் கடைசி. 7265 போன்றவை இருக்கும் லேப்டாப்கள் பெரும்பாலும் விண்டோஸ் 11-இன் அதிகாரப்பூர்வத் தகுதிப் பட்டியலிலேயே வராதவை. இன்டெல்லில் 8-ஆம் தலைமுறை ப்ராசஸரிலிருந்துதான் தகுதி ஆரம்பம். குறுக்கு வழியில் ஏற்றியிருந்தால் இந்தக் கார்டுக்கு இனி புது டிரைவர் எதிர்பார்க்க முடியாது.

நல்ல டிரைவர் கிடைத்தபின் அதைக் காப்பாற்றவும் வேண்டும். ஸ்டார்ட்டில் 'டிவைஸ் இன்ஸ்டலேஷன் செட்டிங்ஸ்' என்று தேடி 'நோ' கொடுங்கள். ப்ரோ பதிப்பு என்றால் க்ரூப் பாலிசியில் விண்டோஸ் அப்டேட் பகுதியில் 'டூ நாட் இன்க்ளூட் டிரைவர்ஸ் வித் விண்டோஸ் அப்டேட்ஸ்' என்பதை எனேபிள் செய்வது இன்னும் உறுதி. ஹோம் பதிப்பில் க்ரூப் பாலிசி கிடையாது. விண்டோஸ் அப்டேட் → அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் → ஆப்ஷனல் அப்டேட்ஸ் பட்டியலில் வரும் டிரைவர்களுக்கு டிக் போடாமல் இருங்கள், அவை தாமாக ஏறாது.

மின்சேமிப்பு

பேட்டரியை மிச்சம்பிடிக்க விண்டோஸ் வைஃபை கார்டை மூன்று வேறு இடங்களிலிருந்து தூங்க வைக்கிறது. ஒன்றை அணைத்துவிட்டு 'மின்சேமிப்பு காரணம் இல்லை' என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

முதல் இடம் டிவைஸ் மேனேஜரில் அடாப்டரின் 'பவர் மேனேஜ்மென்ட்' டேப். 'அலோ த கம்ப்யூட்டர் டு டர்ன் ஆஃப் திஸ் டிவைஸ்' டிக்கை எடுங்கள். புது லேப்டாப்களில் இந்த டேபே இருக்காது. பதறாதீர்கள், மாடர்ன் ஸ்டேண்ட்பை உள்ள மெஷின்களில் அப்படித்தான். உங்களுடையது அந்த வகையா என்று பார்க்க, கமாண்ட் ப்ராம்ப்டில் பவர்சிஎஃப்ஜி அடித்து, இடைவெளி விட்டு, சாய்வுக்கோடு ஏ போடுங்கள். மேலே, கிடைக்கக்கூடியவை என்று வரும் பட்டியலில் எஸ்0 இருந்தால் ஆமாம்; கீழே, கிடைக்காதவை பட்டியலில் இருந்தால் இல்லை.

இரண்டாவது இடம் கன்ட்ரோல் பேனல் → பவர் ஆப்ஷன்ஸ் → சேஞ்ச் பிளான் செட்டிங்ஸ் → சேஞ்ச் அட்வான்ஸ்டு பவர் செட்டிங்ஸ். 'வயர்லெஸ் அடாப்டர் செட்டிங்ஸ்' கீழே பவர் சேவிங் மோடை 'மேக்ஸிமம் பெர்ஃபார்மன்ஸ்' ஆக்குங்கள், பேட்டரிக்கும் சார்ஜருக்கும் தனித்தனியாக.

மூன்றாவதும் அதே ஜன்னலில்தான்: 'பிசிஐ எக்ஸ்பிரஸ்' → 'லிங்க் ஸ்டேட் பவர் மேனேஜ்மென்ட்' → ஆஃப். மூன்றிலும் அதிகம் மறக்கப்படுவது இது, ரியல்டெக் கார்டுகளில் அதிகம் பலன் தருவதும் இதுதான். கார்டுக்கும் மதர்போர்டுக்கும் நடுவே உள்ள பாதையையே வேலை இல்லாதபோது உறங்க வைக்கும் வசதி இது. சில கார்டுகள் அந்த உறக்கத்திலிருந்து நேரத்துக்கு எழுவதில்லை. விண்டோஸுக்கு மட்டும் உள்ள பிரச்சினையும் இல்லை. ஆர்டிஎல்8821சிஇ, 8822சிஇ கார்டுகள் இருக்கும் சில லேப்டாப்களில் லினக்ஸ்காரர்களும் டிரைவருக்கு இதே வசதியை அணைக்கச் சொல்லும் வரியைச் சேர்த்துத்தான் சமாளிக்கிறார்கள். மெஷின் முழுவதும் ஒரு நொடி விறைத்து நின்று மறுபடி ஓடும் அறிகுறியும் இதனால் வரலாம். பேட்டரி நேரம் சற்றுக் குறையும், அவ்வளவுதான். சில லேப்டாப்களில் இந்த வரிகள் தெரியாது.

ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பையும் இத்தோடு முடித்துவிடலாம். ஷட்டவுன் செய்யும்போது விண்டோஸ் தன் கெர்னலை (மையப் பகுதியை) உள்ளது உள்ளபடி டிஸ்கில் எழுதிவைத்து, அடுத்த தடவை அதையே எடுத்து ஓட்டும். டிரைவர் குழம்பிய நிலையில் இருந்தால் அந்தக் குழப்பமும் பத்திரமாகச் சேமிக்கப்படும். ரீஸ்டார்ட்டில் இந்த வேலை நடப்பதில்லை. அதனால்தான் ஷட்டவுன் செய்தும் தீராதது ரீஸ்டார்ட்டில் தீருகிறது. கன்ட்ரோல் பேனல் → பவர் ஆப்ஷன்ஸ் → 'சூஸ் வாட் த பவர் பட்டன்ஸ் டூ' → 'சேஞ்ச் செட்டிங்ஸ்' அழுத்தி, 'டர்ன் ஆன் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்' டிக்கை எடுங்கள். எஸ்எஸ்டி இருக்கும் மெஷினில் பூட் நேரத்தில் பெரிய வித்தியாசம் தெரியாது.

அடாப்டர் டிவைஸ் மேனேஜரிலிருந்தே மறைந்துவிட்டதா, அல்லது மஞ்சள் முக்கோணத்தோடு கோட் 10, கோட் 43 காட்டுகிறதா, அல்லது மங்கலாகக் கோட் 45 காட்டுகிறதா? அப்போது செட்டிங்கைத் துழாவுவதற்கு முன் மின்சாரத்தை முழுக்க வடித்துவிடுங்கள். ஷட்டவுன் செய்து, சார்ஜரையும் யுஎஸ்பி-யில் இருக்கும் எல்லாவற்றையும் கழற்றி, பேட்டரி கழற்றக்கூடியது என்றால் அதையும் கழற்றி, பவர் பட்டனை 30 நொடி விடாமல் அழுத்திப் பிடியுங்கள். பிறகு சார்ஜரை மட்டும் மாட்டி ஆன் செய்யுங்கள். மெஷின் அணைந்திருந்தாலும் கார்டுக்குக் கொஞ்சம் மின்சாரம் போய்க்கொண்டிருக்கும், உள்ளே உறைந்த ஃபர்ம்வேர் (கார்டின் சொந்த மென்பொருள்) அதில் அப்படியே உறைந்து கிடக்கும். இப்படி வடித்தால்தான் அது புதிதாக எழும்.

பயாஸ் (விண்டோஸுக்கு முன்னால் எழும் மதர்போர்டு மென்பொருள்) அப்டேட் இருந்தால் அதையும் போடுங்கள். ஸ்லீப் சம்பந்தப்பட்ட கோளாறுகளுக்கு அதில் மருந்து இருப்பது உண்டு. போடுவதற்குமுன் சார்ஜர் சொருகியிருக்கட்டும். டிஸ்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கரோ டிவைஸ் என்க்ரிப்ஷனோ ஆன் ஆகியிருந்தால் தற்காலிகமாக நிறுத்திவைத்து, ரெக்கவரி கீயை மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்டிலிருந்து எழுதி எடுத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் பயாஸ் மாறியதும் 48 இலக்க கீயைக் கேட்டு வாசலிலேயே நிறுத்திவிடும்.

அட்வான்ஸ்டு டேபும் ரவுட்டரும்

டிவைஸ் மேனேஜரில் அடாப்டரின் அட்வான்ஸ்டு டேபில் என்ன இருக்கும் என்பது கார்டுக்குக் கார்டு மாறும். இன்டெல்லில் கவனிக்க வேண்டியவை இரண்டு. 'ரோமிங் அக்ரெசிவ்னஸ்' 1 முதல் 5 வரை இருக்கும், இயல்பு 3. வீட்டில் ஒரே ரவுட்டர் என்றால் 1 வையுங்கள், சும்மா சும்மா வேறு சிக்னலைத் தேடி ஓடாது. 'மைமோ பவர் சேவ் மோட்' என்பதை 'நோ எஸ்எம்பிஎஸ்' ஆக்குங்கள். பல கார்டுகளில் இருக்கும் 'ப்ரிஃபர்டு பேண்ட்' என்பதில் 5 ஜிகாஹெர்ட்ஸைத் தேர்ந்தெடுங்கள். ரவுட்டர் பழசு, கார்டு புதுசு என்றால் வயர்லெஸ் மோடை 802.11ஏஎக்ஸ்-இலிருந்து (வைஃபை 6) ஏசி-க்கு (வைஃபை 5) இறக்கி ஒரு தடவை சோதிக்கலாம்.

ரவுட்டரில் முதலில் பார்க்க வேண்டியது பாதுகாப்பு வகை. டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3 இரண்டும் கலந்த நிலையில் இருந்தால், தற்காலிகமாக டபிள்யூபிஏ2-ஏஇஎஸ் மட்டும் வைத்துப் பாருங்கள். பழைய கார்டுகள் சில இந்தக் கலப்பில்தான் இடறுகின்றன. டபிள்யூஇபி, டிகேஐபி என்று இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் அதை இன்றே மாற்றுங்கள், வைஃபை தொங்காவிட்டாலும்.

2.4 மற்றும் 5 ஜிகாஹெர்ட்ஸுக்கு ஒரே பெயர் வைத்து 'ஸ்மார்ட் கனெக்ட்' போட்டிருந்தால் பெயர்களைத் தனியாகப் பிரியுங்கள். எந்தப் பேண்டில் தொங்குகிறது என்று தெரிந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. 2.4-இல் மட்டும் என்றால் சேனல் அகலம் 20 மெகாஹெர்ட்ஸ், சேனல் 1, 6, 11-இல் ஒன்று. புளூடூத் ஹெட்செட்டும் யுஎஸ்பி 3 ஹார்டு டிஸ்க்கும் அதே அலைவரிசையில் இரைச்சல் போடும், கழற்றிவிட்டுப் பாருங்கள். 5-இல் மட்டும் என்றால் சேனலைப் பாருங்கள். 52 முதல் 144 வரை உள்ளவை ராடாரோடு பகிர்ந்துகொள்ளும் சேனல்கள். ராடார் சிக்னல் என்று சந்தேகம் வந்தாலே ரவுட்டர் அந்தச் சேனலை விட்டு ஓட வேண்டும் என்பது விதி, அந்த ஓட்டத்தில் லேப்டாப் பின்தங்கிவிடும். 36-லிருந்து 48-க்குள் ஒன்றை நிலையாக வையுங்கள்.

வீட்டில் சரியாக ஓடி, கல்லூரியிலோ அலுவலகத்திலோ மட்டும் தொங்கினால் அது வேறு கதை. யூசர்நேம், பாஸ்வேர்டு கொடுத்து நுழையும் பெரிய நெட்வொர்க்குகளில் 802.11ஆர் என்ற வேக ரோமிங் ஓடும். 2023 டிசம்பரில் விண்டோஸ் 11-இன் ஒரு அப்டேட் சரியாக இந்த இடத்தில் வைஃபையை உடைத்து, மைக்ரோசாஃப்ட் அந்த மாற்றத்தைத் திரும்பப் பெற்றது. ஒரு குறிப்பிட்ட தேதியிலிருந்துதான் தொல்லை ஆரம்பித்தது என்றால் விண்டோஸ் அப்டேட் → அப்டேட் ஹிஸ்டரி → அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ் போய், அந்தத் தேதிக்கு அருகில் ஏறியதை எடுத்துப் பாருங்கள்.

நடுவில் உட்கார்ந்திருப்பவை

ரன் பெட்டியில் என்சிபிஏ.சிபிஎல் அடித்து, வைஃபையின் ப்ராப்பர்ட்டீஸ் திறந்தால் டிக் போட்ட ஒரு பட்டியல் வரும். மைக்ரோசாஃப்ட், ஐபிவி4, ஐபிவி6, க்யூஓஎஸ், லிங்க்-லேயர் என்ற சொற்கள் பெயரில் உள்ளவை விண்டோஸின் சொந்தச் சரக்கு. அதற்குமேல் விர்ச்சுவல்பாக்ஸ், என்பிகேப், ஆன்டிவைரஸ், பழைய விபிஎன் பெயர்கள் இருந்தால் ஒவ்வொன்றாக டிக்கை எடுத்துப் பாருங்கள். அப்கிரேடில் பழைய வெர்ஷனோடு அப்படியே வந்து சேர்ந்த வடிகட்டிகள் இவை. ஆன்டிவைரஸை 'பாஸ்' செய்வதால் இவை விலகாது, அன்இன்ஸ்டால் செய்தால்தான் விலகும். டெல் லேப்டாப்பில் ஸ்மார்ட்பைட், வேறு சிலவற்றில் கில்லர் இன்டெலிஜென்ஸ் சென்டர் போன்ற 'நெட் வேகப்படுத்தி'கள் இருந்தால் அவற்றையும் எடுத்துவிட்டுச் சோதியுங்கள். ஐபிவி6 டிக்கை மட்டும் எடுக்காதீர்கள். அதை எடுக்கச் சொல்வது பழைய வைத்தியம், இப்போது உபத்திரவம்தான் அதிகம்.

மவுஸ் உட்பட லேப்டாப் முழுவதுமே உறைகிறது என்றால், ஏர்பிளேன் மோட் போட்டு ஓர் அரை நாள் வேலை பாருங்கள். உறைவது நிற்காவிட்டால் வைஃபையை விட்டுவிட்டு எஸ்எஸ்டி, கிராஃபிக்ஸ் டிரைவர் பக்கம் தேடுங்கள். நின்றுவிட்டால் வைஃபை டிரைவர்தான். லேட்டன்சிமான் என்ற இலவசக் கருவியை ஓடவிட்டால், ப்ராசஸரைப் பிடித்து வைத்துக்கொண்டிருக்கும் டிரைவர் ஃபைலின் பெயரையே காட்டும்.

எதுவும் கேட்காதபோது

இப்போது நெட்வொர்க் ரீசெட் செய்யலாம். செட்டிங்ஸ் → நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட் → அட்வான்ஸ்டு நெட்வொர்க் செட்டிங்ஸ் → நெட்வொர்க் ரீசெட். ஐந்து நிமிடத்தில் தானாக ரீஸ்டார்ட் ஆகும், திறந்திருக்கும் ஃபைல்களைச் சேமித்துவிடுங்கள். விபிஎன் மென்பொருளை மறுபடி நிறுவ வேண்டிவரும்.

அதன்பிறகும் 10400 வந்துகொண்டே இருந்தால், ஒரு சின்ன யுஎஸ்பி வைஃபை அடாப்டரைக் கடன் வாங்கியாவது சொருகி, உள் கார்டை டிவைஸ் மேனேஜரில் டிஸேபிள் செய்துவிட்டு இரண்டு நாள் ஓட்டுங்கள். யுஎஸ்பி அடாப்டர் தொங்கவில்லை என்றால் கார்டை மாற்றுவதே புத்திசாலித்தனம்.

கார்டு வாங்கும்போது அளவு எம்.2 2230, ஸ்லாட் கீ-இ. 9560, ஏஎக்ஸ்201, ஏஎக்ஸ்211 ஆகிய இன்டெல் கார்டுகளை வாங்காதீர்கள். அவற்றின் பாதி வேலையை இன்டெல் சிப்செட்டே செய்கிறது, அது பொருந்தாத மெஷினிலும் ஏஎம்டி மெஷினிலும் அவை உயிர்பெறாது. ஏஎக்ஸ்200, ஏஎக்ஸ்210 இரண்டும் தனித்து இயங்குபவை. கார்டு போர்டோடு சால்டர் செய்யப்பட்டிருந்தால் மாற்ற வழியில்லை, யுஎஸ்பி-யோடு காலம் தள்ள வேண்டியதுதான். சில பழைய எச்பி, லெனோவோ மாடல்களின் பயாஸ் தான் அனுமதித்த கார்டு தவிர வேறு எது வந்தாலும் பூட் ஆகாமல் நிற்கும். வாங்குமுன் உங்கள் மாடலின் சர்வீஸ் மேனுவலில் பொருந்தும் கார்டுகளின் பட்டியலைப் பாருங்கள்.

மாட்டும்போது முதலில் பேட்டரி கனெக்டரைக் கழற்றுங்கள். ஆன்டெனா வயர்கள் இரண்டு, கறுப்பும் வெள்ளையும். எது எதில் இருந்தது என்று போட்டோ எடுத்துக்கொண்டு, நகத்தால் நேராக மேல்நோக்கித் தூக்குங்கள். வயரைப் பிடித்து இழுத்தால் தலை பிய்ந்து வந்துவிடும். புது கார்டில் தலையைச் சரியாக நடுவில் வைத்து அழுத்தினால் 'டிக்' என்று உட்காரும். உட்காராமல் மேலோட்டமாக நின்றால் சிக்னல் ரவுட்டர் பக்கத்தில் முழுசாகவும் அடுத்த அறையில் ஒற்றைக் கோடாகவும் இருக்கும். அப்படி இருந்தால் மூடியைத் திறந்து முதலில் அந்த இரண்டு தலைகளையும் பாருங்கள்.